அடிபம்புத் தண்ணீரும் காட்டன் வில்கின்சனும்

பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்த பிள்ளைகள் முதல் மாதம் முடிவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "மேடம், இனார்கானிக்குக்கு எந்த புக் வாங்கறது?" ஆர்கானிக்குக்கு இந்தக் கவலை அவ்வளவாக வருவதில்லை. மாரிசன்–பாய்டு என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வாங்கிவிட்டால் மனசு நிறைந்துவிடும், படிப்பது அப்புறம். பிசிகல் கெமிஸ்ட்ரிக்குக் கணக்கு வந்தால் போதும், எந்தப் புத்தகத்தை வைத்தும் ஒப்பேற்றலாம். கனிம வேதியியல்தான் பிள்ளைகளைக் கடை வாசலில் நிறுத்தி முழிக்க வைக்கிறது. தனிமங்கள் 118. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். அதில் பாதி விதிக்கு அடங்கும், மீதி அடங்காது. இத்தனையையும் இரண்டு அட்டைகளுக்குள் எப்படி அடுக்குவது என்பதில் புத்தகம் எழுதியவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. அதனால் நான் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவதில்லை. "உங்க ஊர்ல தண்ணி எப்படி இருக்கும்?" என்று திருப்பிக் கேட்பேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

என் ஊர் கந்தர்வக்கோட்டை. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில், எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் காவிரிப் பாசன வயல்கள் மெல்லக் குறைந்து, செம்மண்ணும் முந்திரித் தோப்பும் தைலமரமும் தொடங்குகிற இடத்தில் ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சில இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே செம்புராங்கல் தட்டும். மழைக்குக் கரையக்கூடியதெல்லாம் காலங்காலமாகக் கரைந்து போனபின் மிஞ்சிய இரும்பும் அலுமினியமும்தான் அந்தக் கல். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் பொற்பனைக்கோட்டையில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இரும்பைத் தேடி எங்கள் பக்கத்து ஆட்கள் வெகுதூரம் போகவேண்டியிருந்திருக்காது.

எங்கள் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் அடித்தால் முதலில் கண்ணாடியாக விழும். குடத்தை வீட்டில் இறக்கி வைத்து ஒரு நாழி கழித்துப் பார்த்தால் மேலே மெல்லிசாக ஓர் ஆடை படர்ந்திருக்கும், அடியில் காவி இறங்கியிருக்கும். வெள்ளை வேட்டியை அதில் அலசக் கூடாது. பித்தளைக் குடத்தின் உள்விளிம்பில் படிகிற கறையை அம்மா புளியைப் போட்டுத் தேய்ப்பார். "இந்தத் தண்ணி பம்புல நல்லாத்தானே இருக்கு, வீட்டுக்கு வந்தா ஏன் இப்படி ஆவுது?" என்று அம்மா கேட்டபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. "இரும்பு இருக்கும்மா" என்றேன். "இருக்கட்டும். பம்புல விழும்போதும் இருந்துச்சில்ல? அப்ப ஏன் தெரியல?" என்றார். சரியான கேள்வி. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில் நல்ல மதிப்பெண் எடுத்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

1992இல் தஞ்சாவூரில் ஓர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி; கல்லூரியில் ஆங்கிலம். எங்கள் ஊர்க் கடைகளில் பள்ளிப் பாடப்புத்தகமும் நோட்டும் கோனார் உரையும் கிடைக்கும். கல்லூரிப் புத்தகம் வேண்டுமென்றால் தஞ்சாவூர், அங்கேயும் இல்லையென்றால் திருச்சி. அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு புத்தகம் வந்து சேர்ந்தது. பெரியப்பா மகன் எழுபதுகளில் பி.யூ.சி. படித்தவர், பரணில் கிடந்த தன் கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் தூசி தட்டி, "இதுல எல்லாம் இருக்கு ஆயி, வேற எதுவும் வாங்காதே" என்று கொடுத்தார். யாரோ அவருக்குக் கொடுத்த பழைய புத்தகம் அது. அட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டதால் ஆண்டு தெரியவில்லை. ஆனால் மந்த வாயுக்கள் பகுதியைப் படித்ததும் கண்டுபிடித்துவிடலாம். ஹீலியம் முதல் ரேடான் வரை எதனோடும் சேராது, சேர்மமே கிடையாது என்று உறுதியாக எழுதியிருந்தது. 1962இல் நீல் பார்ட்லெட் கனடாவில் செனானைப் பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடோடு சேர்த்து மஞ்சள் நிறத் திடப்பொருளை எடுத்துக் காட்டினார். அதே ஆண்டிலேயே செனான் டெட்ராஃபுளூரைடும் வந்துவிட்டது. ஆக அண்ணனின் புத்தகம் 1962க்கு முந்தியது, அல்லது பிந்தி அச்சிட்டும் திருத்தாதது. பழைய புத்தகக் கடையில் கனிம வேதியியல் வாங்குகிறவர்களுக்கு இன்றைக்கும் இதை ஒரு சோதனையாகச் சொல்வேன். இரண்டாவது சோதனை, தனிம வரிசை அட்டவணை. தொகுதிகளுக்கு ஏ, பி என்று வால் போட்டிருந்தால் பழைய முறை. 1 முதல் 18 வரை எண் போட்டிருந்தால் எண்பதுகளின் கடைசிக்குப் பிறகு வந்தது. பழைய முறையில் படிப்பதால் குடி முழுகிவிடாது. ஆனால் அமெரிக்கப் புத்தகத்தின் ஏ ஐரோப்பியப் புத்தகத்தில் பி ஆக இருக்கும், அங்கே பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

கல்லூரியில் எங்கள் கனிம வேதியியல் பேராசிரியை முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு பட்டியல் எழுதினார். பி.எல். சோனி. பூரி, சர்மா, காலியா. சத்யபிரகாஷ். ஆர்.டி. மதன். குர்தீப் ராஜ் என்று எழுதி, பக்கத்திலேயே "எம்.எஸ்சி." என்று அடைப்புக்குறி போட்டார். கடைசியில், ஏதோ வீட்டுப் பெரியவர் பெயரைச் சொல்கிற மரியாதையோடு, "காட்டன் அண்ட் வில்கின்சன், டிபார்ட்மெண்ட் லைப்ரரியில இருக்கு, இப்ப வேண்டாம்" என்றார். ஜே.டி. லீ பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த வாரம் நாங்கள் சிலர் திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் பழைய புத்தகம் தேடிப் போனோம். "பூரி காலியா?" என்று என் தோழி கேட்க, கடைக்காரர் சிரிக்காமல், "பூரி, சர்மா, காலியா மூணு பேரும் சேர்ந்துதாம்மா இருக்காங்க, தனியாப் பிரிச்சுத் தர முடியாது" என்றார். எத்தனை வருஷமாக இந்த ஜோக்கைக் கேட்டிருப்பாரோ.

நான் வாங்கியது சோனி. காரணம் விலை, அட்டை கிழிந்திருந்ததால் இன்னும் குறைத்துக் கொடுத்தார். பழைய புத்தகத்தில் ஒரு வசதி உண்டு. முன்னால் வைத்திருந்தவர் எங்கெங்கே படித்தார் என்பது பக்க ஓரத்தின் அழுக்கிலேயே தெரியும். அணு அமைப்பு, வேதிப்பிணைப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு, போரான் எல்லாம் கறுத்துப் போயிருந்தன; சிவப்பு மையால் ஏப்ரல் 88, அக்டோபர் 89 என்று கேள்வி வந்த தேதிகள். இரும்பு, கோபால்ட், நிக்கல் பக்கம் போனால் பக்கங்கள் புதுசாகவே இருந்தன. சாய்ஸில் விட்டிருக்கிறார்.

சோனியைக் குறைசொல்ல மனசு வராது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிற பிள்ளைக்கு அந்த மொழிநடை ஒரு வரம். சின்னச் சின்ன வாக்கியம். ஒரு சமன்பாடு, ஒரு வரி விளக்கம், அடுத்த சமன்பாடு. ஆனால் ஒவ்வொரு தனிமமும் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரே அச்சில் வரும்: கிடைக்குமிடம், பிரித்தெடுத்தல், இயற்பண்பு, வேதிப்பண்பு, பயன். பெயர் மட்டும் மாறும். இரும்பு அத்தியாயத்தில் ஃபெரஸ் ஹைட்ராக்சைடு வெள்ளையாக வீழ்படிவாகும், காற்றுப் பட்டால் பச்சையாகிப் பிறகு பழுப்பாகும் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. எங்கள் குடத்தில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான் என்று புரிந்தது. நிலத்தடியில் காற்று படாத தண்ணீரில் இரும்பு ஃபெரஸ் அயனியாகக் கரைந்திருக்கிறது, வெளியே வந்ததும் ஆக்சிஜன் சேர்ந்து ஃபெரிக் ஹைட்ராக்சைடாகிப் படிகிறது. அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

எனக்குத்தான் அது போதவில்லை. லேபில் மோர் உப்புக் கரைசல் தயாரிக்கும்போது நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கச் சொல்வார்கள். மோர் உப்பும் ஃபெரஸ்தான், அதுவும் தண்ணீரில்தான் கரைகிறது. பாட்டிலில் வைத்தால் சில நாள் வெளிர் பச்சையாகவே நிற்கிறது. எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர் மட்டும் ஏன் ஒரு நாழிகூடத் தாங்கவில்லை? அமிலம் அங்கே என்ன செய்கிறது? "ஹைட்ராலிசிஸ் ஆகாம இருக்க" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம். அது பாதிப் பதில்தான்.

லேபைப் பற்றிச் சொல்லாமல் கனிம வேதியியல் புத்தகத்தைப் பற்றிப் பேச முடியாது. சால்ட் அனாலிசிஸுக்கு எங்களிடம் இருந்தது வி.வி. ராமானுஜம் எழுதிய புத்தகம், சென்னை நேஷனல் பப்ளிஷிங் கம்பெனி வெளியீடு. தமிழ்நாட்டில் வேதியியல் படித்தவர்களில் அந்தப் புத்தகத்தின் மேல் அமிலத்துளி தெறிக்காதவர்கள் குறைவு. அட்டவணை அட்டவணையாக, இதைச் சேர், இது வந்தால் இந்தத் தொகுதி, இல்லையென்றால் மேலே போ என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். கிப் உபகரணத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நாற்றம் தாவணியில் ஏறி, சாயங்காலப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோகிற அளவுக்கு அந்தப் புத்தகத்தோடு வாழ்ந்தோம். அதில் மூன்றாவது தொகுதிக்கு முன் ஒரு படி வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கொதிக்கவைத்து வெளியேற்றிவிட்டு, சில துளி அடர் நைட்ரிக் அமிலம் விட்டு மறுபடி கொதிக்க வைக்கவேண்டும். பாதிப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுவோம். கேட்டால் "வழக்கமா விடுவாங்க" என்பதுதான் பதில்.

காரணத்தைச் சொன்னது வோகல். ஆர்தர் வோகலின் பண்பறி பகுப்பாய்வுப் புத்தகம் முதலில் 1937இல் வந்தது. பிரிட்டிஷ் அரசின் உதவியோடு மலிவு விலையில் வந்துகொண்டிருந்த ஈ.எல்.பி.எஸ். பதிப்புகளால் இந்தியக் கல்லூரிகளுக்கு எல்லாம் பழக்கமானது. எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன் அதைத் துணிபோட்டுச் சுற்றி பீரோவில் வைத்திருப்பார். அமிலக் கையோடு தொட்டால் திட்டுவார். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஃபெரிக்கைப் பிடித்து ஃபெரஸாக ஒடுக்கிவிடுகிறது. ஃபெரஸ் ஹைட்ராக்சைடு, அம்மோனியம் குளோரைடு இருக்கும்போது முழுசாக வீழ்படிவாகாது. அதனால்தான் நைட்ரிக் அமிலம் போட்டு அதைத் திரும்ப ஃபெரிக்காக்க வேண்டும். படித்ததும் ராமானுஜம் புத்தகத்தை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். பரீட்சை மூன்று மணி நேரம். அதில் வோகலைப் புரட்டிக்கொண்டிருந்தால் உப்பும் தேறாது, மார்க்கும் தேறாது. கைக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று இரண்டும் வேண்டியிருந்தன.

அந்த வோகலில்தான் இன்னொன்றும் கண்டேன். டார்டாரிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள் கரைசலில் இருந்தால், அம்மோனியா சேர்த்தாலும் இரும்பு ஹைட்ராக்சைடு வீழ்படிவாகாது. அவை இரும்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கரைசலிலேயே வைத்துவிடும், ஆகவே முதலிலேயே அவற்றை நீக்கிவிட வேண்டும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். லேபில் எங்களுக்குத் தொல்லை கொடுக்கும் அதே சங்கதியை வைத்துத்தான் அம்மா குடத்துக் கறையை எடுத்துக்கொண்டிருந்தார். அணைவுச் சேர்மம், ஈனி என்று பாடத்தில் பின்னால் வரப்போவதெல்லாம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நடந்துகொண்டிருந்தது.

காட்டன் வில்கின்சனை இரண்டாம் ஆண்டில் துறை நூலகத்தில் எடுத்தேன். வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். 1972இல் வந்த மூன்றாம் பதிப்பின் இந்திய மறு அச்சு. கனம் கையை இழுத்தது. முதல் அத்தியாயத்தைத் திறந்தால் ஒன்றும் ஏறவில்லை. பேராசிரியை அந்தப் பக்கம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "முதல் அத்தியாயத்துல ஏன் ஆரம்பிக்கறே? முதல் அத்தியாயத்தை எல்லாரும் நல்லா எழுதிடுவாங்க. உனக்கு நல்லாத் தெரிஞ்ச தனிமம் ஏதாவது ஒண்ணு எடு, அங்க என்ன சொல்றாங்கன்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நல்லாத் தெரிந்த தனிமம் எது என்று சொல்லவேண்டியதில்லை.

இரும்பின் நீர்க்கரைசல் வேதியியல் பற்றிய பகுதி சில பக்கங்கள்தான். அங்கே இருந்தது. ஃபெரிக்–ஃபெரஸ் மின்னழுத்தம் அமிலத்தில் +0.77 வோல்ட். காரக் கரைசலில், இரண்டும் ஹைட்ராக்சைடாக இருக்கும்போது, −0.56. ஆக்சிஜனுக்கு அமிலத்தில் 1.23, காரத்தில் 0.40. கழித்துப் பார்த்தால் அமிலத்தில் 0.46 வோல்ட் லாபம், காரத்தில் 0.96. இரண்டிலுமே ஆக்சிஜன் ஃபெரஸை ஃபெரிக்காக்க முடியும். ஆனால் காரத்தில் உந்துதல் இரண்டு மடங்குக்கு மேல். இது ஒரு பாதி. மறுபாதி, அமிலக் கரைசலுக்குள்ளேயே அமிலம் கூடக்கூட இந்த ஆக்சிஜனேற்றம் மெதுவாகிறது, அங்கே மின்னழுத்தக் கணக்கில் லாபம் ஏறினால்கூட. முடியும் என்பது வேறு, எவ்வளவு சீக்கிரம் என்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிசிகல் கெமிஸ்ட்ரியில் தனித்தனி அத்தியாயமாகப் படித்திருந்தோம். இரண்டும் ஒரே குடத்தில் சந்திக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மோர் உப்புக் கரைசலில் அமிலம் ஏன் என்பதற்கும், எங்கள் தண்ணீர் ஏன் தாங்கவில்லை என்பதற்கும் விடை அந்த ஒரே பத்தியில் கிடைத்தது. பின்னாளில் வெர்னர் ஸ்டம், ஃபிரெட் லீ இருவரும் 1961இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் பற்றிப் படித்தேன் (இந்த லீ வேறு, புத்தக லீ வேறு). நடுநிலைக்குப் பக்கத்தில் பிஎச் ஒன்று கூடினால் ஃபெரஸ் ஆக்சிஜனேற்ற வேகம் நூறு மடங்கு கூடும் என்று அளந்திருக்கிறார்கள். குடிதண்ணீரில் இரும்பை நீக்கும் நிலையங்களில் தண்ணீரைக் காற்றில் தெளிக்கவிட்டு, தேவைப்பட்டால் சுண்ணாம்பு சேர்ப்பது இந்தக் கணக்கை நம்பித்தான்.

அன்றைக்கு எனக்கு எழுந்த சந்தேகம் வேறு. ஒரே இரும்பு, ஒரே ஃபெரஸ். ஒரு புத்தகம் நிறத்தைச் சொல்லி நிறுத்துகிறது, ஒரு புத்தகம் செய்முறையைச் சொல்கிறது, ஒன்று மட்டும் ஏன் என்று தோண்டுகிறது. இது எழுதியவர்களின் திறமை சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, காலமும் இருக்கிறது. பார்டிங்டனின் பெரிய புத்தகம் 1921இல் வந்தபோது கனிம வேதியியல் என்றால் தனிமங்களின் வரலாறும் வர்ணனையும். அந்த நிலை மாறியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. 1951இல் ஃபெரோசீன் வந்தது: இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பணு. அதன் அமைப்பைச் சொன்னவர்களில் ஒருவர் ஜெஃப்ரி வில்கின்சன். அந்த வேலையில் தொடங்கிய ஆராய்ச்சிக்காக அவருக்கும் எர்ன்ஸ்ட் ஃபிஷருக்கும் 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. 1956இல் லண்டனில் ரொனால்டு நைஹோம் தன் பேராசிரியர் பதவியேற்பு உரைக்குக் கனிம வேதியியலின் மறுமலர்ச்சி என்றே தலைப்பு வைத்தார். 1962இல் காட்டனும் வில்கின்சனும் தங்கள் புத்தகத்தின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். பார்ட்லெட் செனானை மடக்கிய அதே ஆண்டு. எங்கள் சோனியும் சத்யபிரகாஷும் பழைய வர்ணனை மரபில் பிறந்து, பதிப்புக்குப் பதிப்பு புது அத்தியாயங்களை முன்னால் ஒட்டிக்கொண்ட புத்தகங்கள். அதனால்தான் பிணைப்பு அத்தியாயம் நவீனமாகவும், இரும்பு அத்தியாயம் பழைய மாதிரியாகவும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே செய்யாது.

ஜே.டி. லீ எனக்குத் தாமதமாகக் கிடைத்தார். 1964இல் முதல் பதிப்பாக வந்தபோது, சுருக்கம் என்ற பெயருக்கேற்பச் சின்னப் புத்தகம். நான்காம் பதிப்பு 1991இல் வந்தபோது ஆயிரம் பக்கத்தை எட்டிவிட்டது, பெயரில் மட்டும் இன்னும் சுருக்கம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் ஒரு சீனியர் அக்கா எம்.எஸ்சி.க்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போன மலிவுப் பதிப்பு அது. அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏ ஆயி, இதை நீ படிக்கிறதா, இது உன்னைப் படிக்கிறதா?" என்றார். முந்திரிக் கொட்டை மூட்டையின் எடையைக் கையாலேயே சொல்லிவிடுகிற ஆள், புத்தகத்தின் எடையையும் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார். (முந்திரித் தோட்டுப் பால் பட்டுக் கை வெந்துபோவது பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. அது ஆர்கானிக், இன்னொரு நாள்.)

லீயில் என்னை நிறுத்தியது இரும்பு இல்லை, கந்தகம். சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடில் கந்தகம் ஆறு பிணைப்பை எப்படிப் போடுகிறது? எஸ்பி3டி2 இனக்கலப்பு என்று எழுதினால் முழு மார்க். படம் போட்டால் கூடுதல் திருப்தி. லீ அதைச் சொல்லிவிட்டு, தனியாக ஒரு பகுதி வைத்து, டி ஆர்பிட்டால்கள் உண்மையிலேயே இந்த வேலையில் பங்கெடுக்குமா என்று கேட்கிறார். மூன்றாம் கூட்டில் டி ஆர்பிட்டால், எஸ், பி இரண்டையும்விடப் பல மடங்கு பெரியது, ஆற்றலும் மிக உயரத்தில்; அப்படிப்பட்ட மூன்றும் சரிசமமாகக் கலப்பது நடக்கிற காரியமா? ஃபுளூரின் சுற்றி நின்று இழுக்கும்போது டி சுருங்கும் என்று ஒரு சமாதானமும் வைக்கிறார், அதிலும் முழுத் திருப்தி இல்லாமல் நகர்கிறார். பரீட்சையில் முழு மார்க் வாங்கும் விடைக்குள் இவ்வளவு ஓட்டை இருக்கிறது என்று ஒரு பாடப்புத்தகமே சொல்வதை அதுவரை நான் பார்த்ததில்லை. இன்றைய கணினிக் கணக்கீடுகள் டி ஆர்பிட்டாலின் பங்கு மிகக் குறைவு என்றே சொல்கின்றன. நம் வினாத்தாள்கள் இன்னும் எஸ்பி3டி2 கேட்டுக்கொண்டிருக்கின்றன.

தமிழ்ப் புத்தகங்களைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் நான் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிய முதல் வருஷத்தில் என்னைக் காப்பாற்றியது அவைதான். தமிழில் வேதியியல் எழுதுவது இன்று நேற்று வந்த ஆசை இல்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீனின் முயற்சியால் கெமிஸ்தம் என்ற புத்தகம் 1875இலேயே வந்துவிட்டது. ராஜாஜி திண்ணை ரசாயனம் எழுதினார். 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தொடங்கியபின், கல்லூரிகளில் தமிழ் வழி வரப்போகிறது என்ற நம்பிக்கையில் பட்டப்படிப்புக்கான புத்தகங்கள் மளமளவென்று வந்தன. வேதியியலும் அதில் உண்டு. எழுதியவர்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்த கல்லூரி ஆசிரியர்கள்; படிக்கப் பிள்ளைகள்தான் போதவில்லை. எங்கள் நூலகத்தில் அவை கட்டுப் பிரிக்காத குறையாக இருந்தன. ஒரு கருத்தைத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டு ஆங்கிலத்தில் படித்தால் இரண்டாவது முறை படிப்பதுபோலப் போகும், ஆங்கிலச் சொல் மட்டும்தான் புதுசு. அந்தப் பழைய கல்லூரிப் புத்தகங்களைப் பாடநூல் நிறுவனம் அண்மைக் காலத்தில் மின்வடிவில் கொண்டுவந்திருக்கிறது. தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் யாரிடமும் கேட்காமல் எடுத்துப் படிக்கலாம். அடைப்புக்குறி போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் நோட்ஸ்களைவிட அவை ஆயிரம் மடங்கு மேல்.

இப்போது கேட்கிற பிள்ளைகளின் நிலைமை வேறு. நீட், ஜேஇஇ என்று இரண்டு வருஷம் கோச்சிங் போய்விட்டு வருகிறார்கள். லீயின் ஜேஇஇ பதிப்பு என்று சுதர்சன் குஹா தொகுத்த ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்து 2022க்குப் பிறகு உலோகங்களைப் பிரித்தெடுக்கும் அத்தியாயத்தையும் பி தொகுதி அத்தியாயத்தையும் எடுத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணைப் பாடமே போய்விட்டது. சுமையைக் குறைத்தோம் என்கிறார்கள். கனிம வேதியியலில் தனிமத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது என்ன சுமை என்று எனக்குப் புரியவில்லை. நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம், 2019இல் புதுசாக வந்தது, முதல் பாடமே உலோகவியல். பி தொகுதி இரண்டு பாடம், இடைநிலைத் தனிமங்கள், அணைவு வேதியியல் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பி.எஸ்சி. சேர்ந்ததும் அதை எடைக்குப் போட்டுவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வரும். முதல் வருஷம் முழுக்க மேசையில் இருக்கவேண்டிய புத்தகம் அது, தமிழ்ப் பதிப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

அதற்குமேல் என் அபிப்பிராயம் இது. தேர்வுக்குப் பூரி–சர்மா–காலியா போதும். சோனியைவிடக் கொஞ்சம் புதிய அடுக்கு, காரணகாரியம் கூட உண்டு. காசு இருக்கிறவர்கள் லீயை வாங்கலாம், பழைய நான்காம் பதிப்பே போதும். ஷ்ரைவர்–அட்கின்ஸ் இன்றைய நிலையைச் சொல்லும், படங்களும் நன்றாக இருக்கும், விலைதான் கையைக் கடிக்கும். நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். ஹியூயி எம்.எஸ்சி.க்கு. காட்டன் வில்கின்சனை வாங்கவேண்டாம், நூலகத்தில் உட்கார்ந்து ஒரு தனிமத்தை மட்டும் படியுங்கள். வோகலில் பழைய பெரிய பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள், பிற்காலத்தில் சுருக்கியவற்றில் காரணங்கள்தான் முதலில் வெட்டுப்பட்டன என்பது என் எண்ணம். எதை வாங்குவதானாலும் கடையில் நின்றபடியே உங்கள் ஊருக்குச் சம்பந்தப்பட்ட ஒரு தனிமத்தின் பக்கத்தைத் திறந்து இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள். கடற்கரைப் பிள்ளைகள் குளோரினையோ மெக்னீசியத்தையோ எடுக்கலாம். சேலத்துப் பிள்ளைகளுக்கு மேக்னசைட் காலடியிலேயே இருக்கிறது. நெய்வேலிப் பக்கம் என்றால் கார்பன், கந்தகம். அந்த இரண்டு பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்ததைத் தவிர ஒன்றும் இல்லையென்றால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

படித்து முடித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கனிம வேதியியல் புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள். கந்தர்வக்கோட்டை மாதிரி ஊர்களின் கிளை நூலகங்களில் கதைப் புத்தகமும் போட்டித்தேர்வுப் புத்தகமும் சேர்கிற அளவுக்கு இவை சேர்வதில்லை. உங்கள் ஊர் நூலகரைக் கேட்டு அங்கே கொடுங்கள். ஏப்ரல் 88, அக்டோபர் 89 என்று நீங்கள் எழுதி வைத்தது இருந்தால் இருக்கட்டும், யாருக்காவது உதவும். 1962க்கு முந்திய புத்தகமாக இருந்தால் மட்டும், மந்த வாயுப் பக்கத்தில் செனான் பற்றி ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.